பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்களைச் சிதைக்கும் புற ஊதா ஒளி: காரணங்களும் தீர்வுக்கான முயற்சிகளும்

புது தில்லி: சூரிய மின்னுற்பத்தித் துறையில் அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பமாகக் கருதப்படும் பெரோவ்ஸ்கைட் மின்கலங்கள், செயல்திறனில் சிலிக்கான் மின்கலங்களை எட்டிப் பிடித்துவிட்டன. ஆயுளில் இன்னும் வெகுதொலைவு பின்தங்கியுள்ளன. ஈரப்பதம், வெப்பம் ஆகியவற்றுடன், சூரிய ஒளியிலேயே கலந்துள்ள புற ஊதாக் கதிர்களும் இந்த மின்கலங்களைச் சிதைப்பதே இதற்கு முக்கியக் காரணம். ஈரப்பதத்தை உறையிட்டுத் தடுக்கலாம். ஆனால் ஒளி உள்ளே வந்தால்தான் மின்கலம் இயங்கும் என்பதால், ஒளியால் ஏற்படும் சேதத்தைத் தடுப்பது சிக்கலான பணியாக உள்ளது.

புற ஊதா ஒளி இந்த மின்கலங்களை எவ்வாறு பாதிக்கிறது, அதைத் தடுக்க என்னென்ன வழிகள் கண்டறியப்பட்டுள்ளன, இந்தியாவுக்கு இதில் என்ன முக்கியத்துவம் என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

பெரோவ்ஸ்கைட் என்பது என்ன?

ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்தை 1839-ஆம் ஆண்டு ஜெர்மானியக் கனிமவியலாளர் குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்தார். ரஷ்யக் கனிமவியலாளர் லெவ் பெரோவ்ஸ்கியின் நினைவாக அதற்கு பெரோவ்ஸ்கைட் எனப் பெயரிடப்பட்டது. அந்தக் கனிமத்தின் படிக அமைப்பைக் கொண்ட பொருள்கள் அனைத்தையும் தற்போது இப்பெயரால் குறிப்பிடுகின்றனர்.

சூரிய மின்கலங்களில் பயன்படுத்தப்படுவது இயற்கைக் கனிமம் அல்ல. ஆய்வகத்தில் தயாரிக்கப்படும் சேர்மம். ஈயமும் அயோடினும் சேர்ந்து ஒரு சட்டகத்தை அமைக்க, அதன் இடைவெளிகளில் மீத்தைல் அமோனியம், ஃபார்மமிடினியம் போன்ற கரிம அயனிகளோ சீசியம் அயனியோ அமர்ந்திருக்கும். மீத்தைல் அமோனியம் லெட் அயோடைடு இவற்றில் மிகுதியாக ஆராயப்பட்டது.

ஜப்பானின் யோகோஹாமா தோயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுதோமு மியாசகாவின் குழுவினர், 2009-ஆம் ஆண்டு இந்தச் சேர்மத்தைக் கொண்டு 3.8 சதவீதச் செயல்திறன் கொண்ட மின்கலத்தை உருவாக்கினர். அதிலிருந்த திரவ மின்பகுளி பெரோவ்ஸ்கைட்டைக் கரைத்ததால், அது சில நிமிடங்களே இயங்கியது. 2012-ஆம் ஆண்டு தென்கொரியாவின் நாம்-கியூ பார்க் குழுவினரும், பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி ஸ்னைத் குழுவினரும் திரவத்துக்குப் பதிலாகத் திடப்பொருளைப் பயன்படுத்தி, செயல்திறனை 10 சதவீத அளவுக்கு உயர்த்தினர். தற்போது சிறிய அளவிலான ஆய்வக மின்கலங்களின் சான்றளிக்கப்பட்ட செயல்திறன் 26 சதவீதத்தைக் கடந்துள்ளது. சிலிக்கான் இந்த நிலையை அடைய அரை நூற்றாண்டுக்கு மேலானது.

தயாரிப்பு முறை எளிது என்பது இதன் மற்றொரு சிறப்பு. சிலிக்கானை உருக்க 1,414 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பெரோவ்ஸ்கைட்டைக் கரைசலாகத் தயாரித்து, கண்ணாடியின் மீது மெல்லிய படலமாகப் பூசி, ஏறத்தாழ 100 முதல் 150 டிகிரி வெப்பத்தில் உலர்த்தினாலே போதும். ஒளியை உறிஞ்ச ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமன் போதுமானது.

புற ஊதா ஒளியின் ஆற்றல்

தரையை வந்தடையும் சூரிய ஆற்றலில் புற ஊதாக் கதிர்களின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே. 280 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளம் கொண்ட கதிர்களை ஓசோன் படலமும் வளிமண்டலமும் முழுமையாகத் தடுத்துவிடுகின்றன. 280 முதல் 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களில் ஒரு பகுதியே பூமியை எட்டுகிறது.

அளவில் சிறிதாயினும், ஒவ்வொரு ஒளித்துகளும் சுமக்கும் ஆற்றல் அதிகம். 550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியின் துகள் ஏறத்தாழ 2.25 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. 350 நானோமீட்டர் புற ஊதாத் துகளின் ஆற்றல் 3.5 எலக்ட்ரான் வோல்ட். கரிமப் பொருள்களில் கார்பனையும் நைட்ரஜனையும் இணைக்கும் பிணைப்பின் வலிமை சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட்தான். வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி சில ஆண்டுகளில் நொறுங்குவதற்கும், துணியின் சாயம் வெளுப்பதற்கும் இதுவே காரணம்.

பெரோவ்ஸ்கைட்டில் மின்சாரம் உருவாக 1.5 முதல் 1.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். அதற்கு மேல் புற ஊதாத் துகள் கொண்டுவரும் ஆற்றல் பயனுள்ள மின்சாரமாக மாறுவதில்லை. அது வெப்பமாக வெளிப்படுகிறது அல்லது வேதிமாற்றத்தைத் தூண்டுகிறது.

மேலும், புற ஊதா ஒளி பெரோவ்ஸ்கைட் படலத்தின் ஆழத்துக்குச் செல்வதில்லை. ஒளி நுழையும் பக்கத்தில், முதல் சில பத்து நானோமீட்டர்களுக்குள்ளேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எனவே, பெரோவ்ஸ்கைட்டும் அதை ஒட்டிய அடுக்கும் சந்திக்கும் இடைமுகத்திலேயே சேதம் குவிகிறது. உருவான மின்னூட்டங்கள் வெளியேறும் வழியும் அதுவே என்பதால், அங்கு ஏற்படும் சிறு பழுதும் மின்கலம் முழுவதையும் பாதிக்கிறது.

டைட்டானியம் டை ஆக்சைடின் இரு முகங்கள்

தொடக்ககால பெரோவ்ஸ்கைட் மின்கலங்கள் பெரும்பாலானவற்றில் எலக்ட்ரான்களைக் கடத்தும் அடுக்காக டைட்டானியம் டை ஆக்சைடு பயன்படுத்தப்பட்டது. விலை மலிவானது, நச்சற்றது, ஒளி ஊடுருவக்கூடியது என அதற்குப் பல நற்பண்புகள் உண்டு. ஆனால் அது வலுவான ஒளி வினையூக்கியும் ஆகும். புற ஊதா ஒளி பட்டால் அதன் மேற்பரப்பில் நீரைப் பிளக்க முடியும் என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் 1972-ஆம் ஆண்டிலேயே நிரூபித்தனர். தானாகத் தூய்மையாகும் கண்ணாடிகள், வெயில் பாதுகாப்புக் களிம்புகள் ஆகியவற்றில் இப்பொருள் பயன்படுவதற்கு புற ஊதாவை உறிஞ்சும் இத்தன்மையே அடிப்படை.

சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை டைட்டானியம் டை ஆக்சைடு உறிஞ்சும்போது, அதில் எலக்ட்ரான்களும் நேர்மின் துளைகளும் தோன்றுகின்றன. அந்தத் துளைகள் அருகிலுள்ள பெரோவ்ஸ்கைட்டின் அயோடைடு அயனிகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து, அவற்றை அயோடினாக மாற்றுகின்றன. சட்டகத்தின் சமநிலை குலைந்ததும் கரிம அயனி சிதைந்து வாயுவாக வெளியேறுகிறது. இறுதியில் எஞ்சுவது மஞ்சள் நிற லெட் அயோடைடு. அடர் பழுப்பு நிறத்தில் இருந்த மின்கலம் மஞ்சளாக மாறுவதை வெறும் கண்ணாலேயே காணலாம்.

மற்றொரு வகைச் சேதத்தை ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். காற்றுப் புகாமல் உறையிட்ட மின்கலங்கள், உறையிடாதவற்றைக் காட்டிலும் வேகமாகச் செயலிழந்ததை அவர்கள் கண்டனர். டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பில் ஆக்சிஜன் அணுக்கள் இல்லாத காலியிடங்கள் உள்ளன. சாதாரணமாக, காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் அவற்றில் ஒட்டிக்கொண்டு குறையை மறைக்கின்றன. புற ஊதா ஒளி அந்த மூலக்கூறுகளை விடுவித்துவிடுகிறது. திறந்த நிலையில் வேறு ஆக்சிஜன் மூலக்கூறு அந்த இடத்துக்கு வரும். உறையிட்ட மின்கலத்தில் அதற்கு வழியில்லை. காலியிடங்கள் எலக்ட்ரான்களைச் சிக்கவைக்கும் பொறிகளாக மாறி, மின்னோட்டம் சரிகிறது.

ஈரப்பதத்திலிருந்து காக்க உறை தேவை. ஆனால் அந்த உறையே புற ஊதாச் சேதத்தை விரைவுபடுத்துகிறது என்ற முரண் இதன்மூலம் வெளிப்பட்டது. டைட்டானியம் டை ஆக்சைடு சட்டகத்துக்குப் பதிலாக, வினையூக்கத் தன்மையற்ற அலுமினியம் ஆக்சைடைப் பயன்படுத்தியபோது, மின்கலங்கள் 1,000 மணி நேரத்துக்கும் மேலாக நிலையான மின்னோட்டத்தை அளித்தன.

தீர்வுக்கான வழிகள்

இந்தச் சிக்கலுக்கான தீர்வுகளை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, புற ஊதா ஒளி உள்ளே நுழையும் முன்பே அதை வடிகட்டுவது. கண்ணாடியிலோ உறைப் பொருளிலோ புற ஊதாவை உறிஞ்சும் வேதிப்பொருளைச் சேர்க்கும் இம்முறை எளிமையானது. ஆனால் அந்தப் பகுதியின் ஒளி மின்சாரமாக மாறாமல் வீணாகும். வடிகட்டும் பொருளும் நாளடைவில் தேய்ந்து நிறம் மாறக்கூடும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கரிசா சமவெளியில் அமைக்கப்பட்ட சூரிய மின் நிலையத்தில், சிலிக்கான் தகடுகளின் உறைப் பொருள் பழுப்பாகி மின்னுற்பத்தி குறைந்தது, இத்துறையினர் இன்றும் சுட்டிக்காட்டும் எடுத்துக்காட்டாகும்.

இரண்டாவது, புற ஊதா ஒளியை உறிஞ்சி, அதைக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக மாற்றி உமிழும் பூச்சுகளைப் பயன்படுத்துவது. இதனால் மின்கலம் காக்கப்படுவதுடன், வீணாகும் ஒளியின் ஒரு பகுதி பயனுக்கும் வருகிறது. தில்லி ஐஐடி ஆராய்ச்சியாளர்கள் 2014-ஆம் ஆண்டு, யூரோப்பியம் கலந்த யிட்ரியம் வனடேட் என்னும் ஒளிரும் நுண்துகள் அடுக்கைக் கொண்டு இம்முறையைச் செயல்படுத்தினர். அந்த அடுக்கு புற ஊதாவை உறிஞ்சிச் செந்நிற ஒளியை உமிழ்ந்தது. இதனால் செயல்திறன் கூடியதுடன் சிதைவும் குறைந்தது. இத்தாலியின் டூரின் நகர ஆராய்ச்சியாளர்களும் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகளும் இணைந்து 2016-ஆம் ஆண்டு, ஒளிரும் ஃபுளூரின் பாலிமரை முன்பக்கத்திலும், நீரை விலக்கும் பாலிமரை பின்பக்கத்திலும் பூசினர். ஏறத்தாழ 19 சதவீதச் செயல்திறனை எட்டிய அந்த மின்கலங்கள், 6 மாதங்களுக்கும் மேலாக நடந்த கடுமையான சோதனைகளில் தாக்குப்பிடித்தன.

மூன்றாவது, சிக்கலுக்குக் காரணமான அடுக்கையே மாற்றுவது. டின் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடைவிடக் குறைந்த அளவு புற ஊதாவையே உறிஞ்சுகிறது; அதன் வினையூக்கத் தன்மையும் குறைவு. எனவே தற்போதைய உயர்திறன் மின்கலங்கள் பலவற்றில் அதுவே இடம்பெறுகிறது. தென்கொரிய விஞ்ஞானி சாங் இல் சியோக் குழுவினர் 2017-ஆம் ஆண்டு, லாந்தனம் கலந்த பேரியம் ஸ்டானேட் என்னும் பொருளைப் பயன்படுத்தி 21.2 சதவீதச் செயல்திறனை அடைந்தனர். முழுச் சூரிய ஒளிக்கு நிகரான வெளிச்சத்தில் 1,000 மணி நேரம் வைத்த பின்பும், அம்மின்கலம் தொடக்கச் செயல்திறனில் 93 சதவீதத்தைத் தக்கவைத்தது.

நான்காவது, பெரோவ்ஸ்கைட்டின் உள்ளேயே ஏற்படும் சேதத்தை அவ்வப்போது சரிசெய்யும் ஏற்பாடு. ஒளியும் வெப்பமும் தொடர்ந்து தாக்கும்போது, படலத்தில் ஈயம் உலோக அணுக்களாகவும், அயோடைடு நடுநிலை அயோடினாகவும் மாறி, குறைபாடுகளாகத் தங்கிவிடுகின்றன. சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019-ஆம் ஆண்டு, படலத்தில் யூரோப்பியம் அயனிகளைச் சேர்த்தனர். மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட யூரோப்பியம், உலோக ஈயத்திடமிருந்து எலக்ட்ரானைப் பெற்று அதை மீண்டும் அயனியாக்குகிறது. எலக்ட்ரானைப் பெற்று இரண்டு மின்னூட்டத்துக்கு மாறிய யூரோப்பியம், அதை அயோடினிடம் கொடுத்து அயோடைடாக்குகிறது. தான் தீர்ந்துபோகாமல் இரு சேதங்களையும் மாறிமாறிச் சரிசெய்யும் இந்த முறையில், தொடர் ஒளியில் 1,500 மணி நேரத்துக்குப் பின்பும் மின்கலத்தின் செயல்திறனில் 92 சதவீதம் எஞ்சியிருந்தது.

ஆய்வக விளக்கும் உண்மையான வெயிலும்

இத்தகைய முடிவுகள் நம்பிக்கை அளித்தாலும், அவற்றை ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உள்ளது. ஆய்வகங்களில் நீண்ட நேரச் சோதனைகளுக்கு எல்இடி விளக்குகள் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. மின்செலவு குறைவு, வெப்பமும் குறைவு என்பதால் அவை வசதியானவை. ஆனால் வெண்ணிற எல்இடி ஒளியில் புற ஊதாக் கதிர்கள் ஏறக்குறைய இல்லை. அந்த விளக்கின் கீழ் ஆயிரக்கணக்கான மணி நேரம் தாக்குப்பிடித்த மின்கலம், திறந்தவெளியிலும் அவ்வாறே நீடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அமெரிக்காவின் வடக்கு கரோலினா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜின்சாங் ஹுவாங் குழுவினர், 2024-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில் இந்த வேறுபாட்டை நேரடியாக ஆராய்ந்தனர். எல்இடி ஒளியிலும், வடிகட்டப்படாத சூரிய ஒளியிலும் மின்கலங்கள் சிதையும் விதத்தை அவர்கள் ஒப்பிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட மின்கலங்களில் டைட்டானியம் டை ஆக்சைடு இல்லை. ஒளி நுழையும் பக்கத்தில் துளைகளைக் கடத்தும் பாலிமர் இருந்தது. அந்தப் பாலிமர் புற ஊதாவால் சிதைவதே காரணம் என எதிர்பார்க்கலாம். ஆனால் பாலிமருக்கும் அதன் இருபுறமும் உள்ள பெரோவ்ஸ்கைட், கடத்தும் கண்ணாடி ஆகியவற்றுக்கும் இடையிலான வேதிப்பிணைப்பு பலவீனமாக இருப்பதே முக்கியக் காரணம் என்பது தெரியவந்தது. பிணைப்பு பலவீனமாக உள்ள இடத்தில், புற ஊதா ஒளி பட்டதும் பெரோவ்ஸ்கைட்டின் அயனிகள் இடம்பெயரத் தொடங்குகின்றன.

இதைச் சரிசெய்ய, இரு முனைகளிலும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றை அவர்கள் பாலிமருடன் சேர்த்தனர். அதன் பாஸ்போனிக் அமிலப் பகுதி கண்ணாடியின் மீதுள்ள ஆக்சைடையும், நைட்ரஜன் பகுதி பெரோவ்ஸ்கைட்டின் ஈயத்தையும் பிடித்துக்கொள்கின்றன. இம்முறையில் தயாரான சிறு தகடு, வெளி நிறுவனம் ஒன்றின் கண்காணிப்பில் 29 வாரங்கள் திறந்தவெளியில் வைக்கப்பட்ட பின்பும் 16 சதவீதத்துக்கு மேல் செயல்திறனைக் காட்டியது.

வெயிலில் 29 வாரங்கள் என்பது பெரோவ்ஸ்கைட்டைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க முன்னேற்றம். எனினும், சிலிக்கான் தகடுகளுக்கு உற்பத்தியாளர்கள் பொதுவாக 25 ஆண்டுகள், அதாவது 1,300 வாரங்கள் உத்தரவாதம் அளிக்கின்றனர்.

தரச்சான்று சொல்வதும் சொல்லாததும்

சூரிய மின்தகடுகள் சந்தைக்கு வருமுன் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரச் சோதனைகளில் தேற வேண்டும். அவற்றில் ஒன்று, சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணி புற ஊதா ஆற்றலைத் தகட்டின் மீது செலுத்துவதாகும்.

இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 முதல் 7 கிலோவாட் மணி சூரிய ஆற்றல் கிடைக்கிறது. சராசரியாக 5 எனக் கொண்டால், ஆண்டுக்கு 1,800 கிலோவாட் மணிக்கு மேல் வரும். அதில் புற ஊதாவின் பங்கு ஏறத்தாழ 90 கிலோவாட் மணி. அதாவது, சோதனையில் செலுத்தப்படும் புற ஊதா அளவு, இந்திய வெயிலில் சுமார் இரண்டு மாதங்களில் கிடைத்துவிடும். 25 ஆண்டுகளில் தகடு எதிர்கொள்வது அதைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு.

இச்சோதனை, தொடக்கத்திலேயே தோன்றும் குறைகளைக் கண்டறிய வடிவமைக்கப்பட்டது; ஆயுளைக் கணிக்க அல்ல. பல பத்தாண்டுகள் களத்தில் நின்ற அனுபவம் சிலிக்கானுக்கு இருப்பதால் இந்த இடைவெளி பெரிதாகத் தெரியவில்லை. பெரோவ்ஸ்கைட்டுக்கு அத்தகைய அனுபவம் இல்லை. எனவே ஒளி, வெப்பம், இரவு பகல் மாற்றம், திறந்தவெளி நிலை ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் சோதிப்பதற்கான பொது நெறிமுறைகளை, பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இணைந்து 2020-ஆம் ஆண்டு வெளியிட்டனர். இரவு பகல் மாற்றம் இதில் முக்கியமானது. பகலில் இழந்த செயல்திறனின் ஒரு பகுதியை இம்மின்கலங்கள் இருளில் மீட்டுக்கொள்வதால், தொடர் ஒளியில் கிடைக்கும் முடிவை மட்டும் வைத்து ஆயுளைக் கணக்கிட முடியாது.

இந்தியாவுக்கு ஏன் முக்கியம்?

நாட்டின் நிறுவப்பட்ட சூரிய மின்னுற்பத்தித் திறன் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் 100 ஜிகாவாட்டைக் கடந்தது. 2030-ஆம் ஆண்டுக்குள் புதைபடிவமற்ற எரிசக்தித் திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்த மத்திய அரசு இலக்கு நிர்ணயித்துள்ளது. இன்று நிறுவப்படும் தகடுகளில் பெரும்பாலானவை சிலிக்கான் அடிப்படையிலானவை. அவற்றுக்கான மூலப்பொருள் விநியோகத்தில் சீனாவின் ஆதிக்கம் வலுவாக உள்ளது. குறைந்த வெப்பத்தில், கரைசல் முறையில் தயாரிக்கக்கூடிய பெரோவ்ஸ்கைட் மீது இந்திய ஆய்வு நிறுவனங்கள் கவனம் செலுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதேவேளை, இந்தியாவின் தட்பவெப்பம் இம்மின்கலங்களுக்குக் கடினமான களம். ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்கா போன்ற பாலைவனப் பகுதிகளில் புற ஊதாவுடன் கடும் வெப்பமும் சேர்கிறது. கோடையில் தகட்டின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, ஒளியால் தூண்டப்படும் வேதிமாற்றங்களும் வேகமெடுக்கின்றன. உயரமான இடங்களில் நிலைமை வேறு. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாவின் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில், குளிர் காரணமாகத் தகடுகள் திறம்பட இயங்கினாலும், அவை தாங்க வேண்டிய புற ஊதா ஒளி சமவெளியைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். மிதமான வெயில் கொண்ட ஐரோப்பிய நகரத்தில் பெறப்பட்ட சோதனை முடிவை இப்பகுதிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது.

அடுக்கு மின்கலங்களில் புதிய கேள்வி

பெரோவ்ஸ்கைட், சிலிக்கானுடன் சேர்ந்த அடுக்கு மின்கலமாகவும் சந்தைக்கு வருகிறது. நீலம், பச்சை நிற ஒளியை மேலுள்ள பெரோவ்ஸ்கைட்டும், சிவப்பு, அகச்சிவப்பு ஒளியைக் கீழுள்ள சிலிக்கானும் மின்சாரமாக மாற்றுகின்றன. தனி சிலிக்கான் மின்கலத்தின் கோட்பாட்டு வரம்பு சுமார் 29.4 சதவீதம். சீனாவின் லாங்கி நிறுவனம் 2024-ஆம் ஆண்டு அறிவித்த அடுக்கு மின்கலம் 34.6 சதவீதத்தை எட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில், பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம், ஜெர்மனியில் தயாரித்த 24.5 சதவீதச் செயல்திறன் கொண்ட அடுக்குத் தகடுகளை அமெரிக்க வாடிக்கையாளருக்கு வணிக ரீதியாக அனுப்பியது.

இந்த அமைப்பில் பெரோவ்ஸ்கைட் மேலே இருப்பதால், புற ஊதாவை முதலில் எதிர்கொள்வதும் அதுவே. கீழுள்ள சிலிக்கான் 25 ஆண்டுகள் உழைக்கக்கூடியதாக இருந்தாலும், மேலுள்ள அடுக்கு 10 ஆண்டுகளில் பழுதானால் தகட்டையே மாற்ற நேரிடும். இரு அடுக்குகளும் தொடராக இணைக்கப்பட்ட மின்கலங்களில், பலவீனமான அடுக்கின் மின்னோட்டமே மொத்த மின்னோட்டத்தையும் தீர்மானிக்கிறது. எனவே சேதத்தின் விளைவு பெரோவ்ஸ்கைட்டின் பங்கோடு நின்றுவிடுவதில்லை.

ஈயம் குறித்த கவலையும் இதனுடன் தொடர்புடையது. சிதைவின் முடிவில் எஞ்சும் லெட் அயோடைடு நீரில் ஓரளவு கரையக்கூடியது. தகடு உடைந்து மழைநீர் புகுந்தால், ஈயம் மண்ணில் கலக்கும் வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்க, ஈயத்தை ஈர்த்துவைக்கும் படலங்களை உறையில் சேர்க்கும் முறைகள் ஆராயப்பட்டு வருகின்றன.

செலவுக் கணக்கிலும் ஆயுளே முதன்மையானது. ஒரு மின் நிலையத்தின் முதலீடு, அது வாழ்நாள் முழுவதும் தரும் மின்சாரத்தால் வகுக்கப்பட்டே ஓர் அலகின் விலை கணக்கிடப்படுகிறது. தகட்டின் விலை பாதியாகக் குறைந்தாலும், நிலம், தாங்கு சட்டம், மின்கம்பி, நிறுவும் கூலி ஆகியவை குறைவதில்லை. ஆயுள் குறைவான தகடுகளை மாற்றும்போது, இச்செலவுகளில் ஒரு பகுதி மீண்டும் ஏற்படும். வங்கிகள் கடன் வழங்கும்போது 20 ஆண்டுகளுக்கும் மேலான மின்னுற்பத்தி மதிப்பீட்டைக் கோருகின்றன. புற ஊதா ஒளியின் கீழ் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் செயல்திறன் குறையும் என்பதை உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டுமே, பெரோவ்ஸ்கைட் தகடுகளுக்கு அத்தகைய மதிப்பீட்டைத் தயாரிக்க இயலும்.